திருச்சில இருந்து ஒரு நாள் சயின்ஸ் டூர்: கல்மரமா, கரைவெட்டியா, பட்டாம்பூச்சியா, வாழையா?

டிசம்பர் பொறந்தா போதும், எங்க பக்கம் எல்லா ஸ்டாஃப் ரூம்லயும் ஒரே பேச்சு தான், இந்த வருஷம் பிள்ளைங்கள எங்க கூட்டிட்டுப் போறதுன்னு. பி.டி. சார் தீம் பார்க்க விட்டு எறங்கி வர மாட்டாரு, தமிழ் ஐயா கங்கைகொண்ட சோழபுரம்னு நிப்பாரு, எச்.எம். மேடம் "எங்க வேணா போங்க, ஆனா பெர்மிஷன் லெட்டர்ல கல்விச் சுற்றுலான்னு எழுதணும், அதுக்கு ஏத்த மாதிரி எதாவது ஒண்ணு சேத்துக்கோங்க"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிடுவாங்க. கடைசில என்ன ஆகும், சயின்ஸ்ங்கிற பேர்ல கோளரங்கத்துல கொஞ்ச நேரம் உக்கார வெச்சுட்டு மீதி நாள் பூரா தண்ணில ஆட விட்டு கூட்டிட்டு வந்துருவோம். ஆடறது தப்பில்ல, பிள்ளைங்கன்னா ஆடத்தான் செய்யணும், அதுக்கு சயின்ஸ் டூர்னு பேர் வெக்காதீங்கன்னு தான் சொல்றேன்.

நான் திருச்சிப் பக்கத்துல சயின்ஸ் எடுக்குற டீச்சர். காலைல கெளம்பி இருட்டுறதுக்குள்ள திரும்பிடணும், ஒரே பஸ்ல முடியணும், நெஜமாவே சயின்ஸ் இருக்கணும்னு பாத்தா நம்மள சுத்தி அஞ்சு எடம் தேறும். பெரம்பலூர் அரியலூர் பக்கத்து புதைபடிவங்கள், அதாவது சாத்தனூர் கல்மரம், காரை, வாரணவாசி மியூசியம் மூணையும் சேத்து ஒண்ணு. ஸ்ரீரங்கம் மேலூர்ல இருக்குற வண்ணத்துப்பூச்சி பூங்கா ஒண்ணு. கரைவெட்டி பறவைகள் சரணாலயம், தாயனூர் பக்கத்து தேசிய வாழை ஆராய்ச்சி மையம், ஏர்போர்ட் பக்கத்துல இருக்குற அண்ணா கோளரங்கம். இதுல எது பெஸ்ட்னு ஒத்த வார்த்தைல கேட்டா பதில் கெடையாது, எந்த கிளாஸ், எந்த மாசம், எத்தன பேருன்னு சொல்லுங்க, அப்புறம் சொல்றேன்.

ஆனா எடத்த எடை போட நான் கேக்குறது ஒரே கேள்வி தான். காலைல பத்து மணில இருந்து பன்னெண்டு வரைக்கும் அந்தப் பிள்ளை அங்க என்ன செய்யும்? "சுத்திப் பாக்கும்"னு பதில் வந்தா அது எனக்கு ரெண்டாவது சாய்ஸ். "தேடும், தொட்டுப் பாக்கும், தப்பா ஒண்ணு சொல்லும், பக்கத்துல இருக்குறவன் இல்லடான்னு சண்டைக்கு வருவான், திரும்பப் போய் பாப்பாங்க"ன்னு பதில் வந்தா அது தான் மொத சாய்ஸ். எடம் பெருசா ஃபேமஸாங்கிறது எனக்கு கணக்கே இல்ல.

அந்தக் கணக்குல எட்டாவதுக்கு மேல இருக்குற பிள்ளைங்களுக்கு அரியலூர் பெரம்பலூர் பக்கத்த அடிச்சுக்க ஆளே கெடையாது. நம்ம ஊர்க்காரங்களுக்கே இதோட மதிப்பு பாதி தெரியாது, அரியலூர்னா சிமெண்ட் ஃபேக்டரி, புழுதி, லாரி, அவ்ளோ தான். அந்த சிமெண்ட் ஃபேக்டரிங்க ஏன் அங்க வந்துச்சுன்னு கேட்டா அங்க தான் பாடமே ஆரம்பிக்குது. அங்க சுண்ணாம்புக்கல் இருக்கு, சுண்ணாம்புக்கல் ஏன் இருக்குன்னா அது ஒரு காலத்துல கடல், கடல்ல இருந்த சிப்பியும் நத்தையும் செத்துச் செத்து படிஞ்சு கெட்டியானது தான் அந்தக் கல்லு. க்ரிடேசியஸ் காலம், சுமாரா பத்து கோடி வருஷத்துக்கு முந்தி, டைனோசருங்க நடமாடின காலம். வெள்ளக்காரன் 1840கள்லயே இங்க வந்து கல்லு பொறுக்கிட்டுப் போயிருக்கான், அப்புறம் ஸ்டோலிச்காங்கிற புதைபடிவ ஆராய்ச்சியாளர் இங்க கெடச்ச சிப்பி, அம்மோனைட்னு சொல்ற சுருள் ஓடு போட்ட பழைய கடல் உயிரு எல்லாம் வரிசையா படம் போட்டு எழுதி வெச்சாரு, உலகத்துல க்ரிடேசியஸ் காலத்து கடல் உயிருங்கள படிக்கிறவங்க எல்லாருக்கும் நம்ம அரியலூர் பேர் தெரியும். நம்ம பிள்ளைங்களுக்கு தெரியல.

சாத்தனூர் கல்மரத்துல இருந்து ஆரம்பிங்க, திருச்சில இருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள்ள போயிடலாம். 18 மீட்டருக்கு மேல நீளமா ஒரு அடிமரம் ஓடைப்பக்கமா படுத்துக் கெடக்கு, கிட்ட போய் பாத்தா மரம், தட்டிப் பாத்தா கல்லு. 1940ல ஜியாலஜிக்கல் சர்வேல இருந்த எம்.எஸ். கிருஷ்ணன் இத கண்டுபிடிச்சாரு, பின்னாடி அந்த ஆபீசுக்கே மொத இந்திய டைரக்டரா வந்தவர். இப்ப தேசிய புவியியல் நினைவுச்சின்னம், கம்பி வேலி எல்லாம் போட்டு வெச்சிருக்காங்க. பூக்கிற மரங்க பெருகறதுக்கு முந்தி இருந்த ஊசியிலை வகை மரம், ஆத்துல அடிச்சுட்டு வந்து கடல்ல முங்கி, சேத்துல சட்டுனு புதைஞ்சு போனதால மக்காம தப்பிச்சது. அப்புறம் மண்ணுக்குள்ள ஊறின தண்ணில கரைஞ்சிருந்த சிலிக்கா, அதாவது மணல்ல இருக்குற அதே பொருள், கொஞ்சம் கொஞ்சமா மரத்துக்குள்ள எறங்கி மரம் இருந்த எடத்த எல்லாம் புடிச்சுக்கிச்சு, வடிவம் அப்படியே நிக்குது, சரக்கு மாறிடுச்சு.

இத பஸ்லயே சொல்லி முடிச்சிடாதீங்க, இது தான் நெறைய டீச்சருங்க பண்றது. மொத இறக்கி விட்டு "இது என்னன்னு நீங்களே சொல்லுங்க"ன்னு கேட்டுட்டு சும்மா நில்லுங்க. ஒருத்தன் சிமெண்ட்ல செஞ்சதும்பான், ஒரு பொண்ணு மின்னல் விழுந்து கருகிடுச்சும்பா, ஒருத்தன் பாறைய மரம் மாதிரி செதுக்கிருக்காங்கன்னு அடிச்சு சொல்வான். அப்ப கேளுங்க, செதுக்கினதுன்னா உள்ள ரேகை ஏன் இருக்குன்னு. அதுக்கப்புறம் நீங்க சொல்ற சிலிக்கா கதை காதுல ஏறும். ஆனா ஒண்ணு, கல்மரத்த மட்டும் பாத்துட்டு திரும்புறதுன்னா போகவே வேணாம், ஏன்னா அங்க வேலி போட்ட ஒத்த மரம் தான், அரை மணி நேரத்துல முடிஞ்சிடும், பிள்ளைங்க "இதுக்காடா வந்தோம்"னு மூஞ்ச தூக்கி வெச்சுப்பாங்க.

அதனால தான் காரை. சாத்தனூர்ல இருந்து கிட்டக்க தான். மழை அரிச்சு அரிச்சு வாய்க்கால் வாய்க்காலா வெட்டுப்பட்ட களிமண் பூமி, புல்லு பூண்டு பெருசா கெடையாது, மஞ்சளும் பழுப்பும் சாம்பலுமா அடுக்கு அடுக்கா நிக்கும். வெயில் சாஞ்சு விழுறப்ப தரை பூரா கண்ணாடித் துண்டு கொட்டின மாதிரி மினுங்கும், அது ஜிப்சம். ஒரு பிள்ளை கைல ஒரு சில்ல குடுத்து நகத்தால கீறச் சொல்லுங்க, கோடு விழும், அடுத்து பக்கத்துல கெடக்குற சுண்ணாம்புக்கல்ல கீறச் சொல்லுங்க, நகம் தான் தேயும். புத்தகத்துல கடினத்தன்மைன்னு ஒரு பாரா இருக்கே, அது இவ்ளோ தான். அப்புறம் கீழ உக்காந்து தேட விடுங்க. பெலம்னைட்னு ஒண்ணு கெடைக்கும், விரல் நீளத்துல ஒரு பக்கம் கூரா தோட்டா மாதிரி இருக்கும், பசங்க அத துப்பாக்கி குண்டுன்னே முடிவு பண்ணிருவாங்க, நெஜத்துல அது கணவாய் மீனோட தூரத்து சொந்தக்காரன் ஒடம்புக்குள்ள இருந்த ஓடு. அம்மோனைட் துண்டு கெடைக்கலாம், சுருள் சுருளா இருக்கும். அதிர்ஷ்டம் இருந்தா சுறாப்பல்லு, சின்னதா, கருப்பா, இன்னும் பளபளன்னு. திருச்சில இருந்து கடலுக்கு எத்தன தூரம்னு கேட்டுட்டு அந்தப் பல்ல உள்ளங்கைல வெச்சுப் பாருங்க, அந்தப் பிள்ளை மூஞ்சில வர்றது தான் நான் சொல்ற சயின்ஸ் டூர்.

எடுத்தத எடுத்த எடத்துலயே வெக்கச் சொல்லுங்க. போட்டோ எடுத்துக்கட்டும், ஸ்கேல் பக்கத்துல வெச்சு நோட்டுல வரைஞ்சுக்கட்டும், வீட்டுக்கு எடுத்துட்டு வரக் கூடாது, ஆளுக்கு ஒண்ணு எடுத்தா ஒரு பஸ்சுக்கு அம்பது ஆச்சு. பஸ் ஏறுறப்ப பாக்கெட் செக் பண்ணுங்க, நல்ல பிள்ளைங்கன்னு நாம நெனைக்கிறதுங்க பாக்கெட்ல தான் அதிகமா இருக்கும். சுத்தியல், உளி எதுவும் வேணாம், கண்ணு போதும், நாலு பேருக்கு ஒரு கைலென்ஸ் இருந்தா நல்லது. சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குள்ள போகணும்னு எந்த சார் ஆசைப்பட்டாலும் எழுத்துல பெர்மிஷன் இல்லாம பஸ்ஸ அந்தப் பக்கம் திருப்பாதீங்க, வெடி வெக்கிற எடம் அது.

மதியம் வெயில் ஏறினதும் வாரணவாசி புதைபடிவ மியூசியம். இங்க ரெண்டு பேட்ச்சா பிரிச்சு உள்ள விடுங்க, ஒரு பேட்ச் சாப்புடுறப்ப இன்னொண்ணு பாக்கட்டும். காலைல துண்டு துண்டா பாத்தத இங்க முழுசா பாக்குறப்ப "மிஸ், நான் பாத்தது இதோட இந்த ஓரம்"னு கண்ணாடிய தட்டி காட்டுவாங்க. இதே மியூசியத்துக்கு நேரா கூட்டிட்டு வந்திருந்தா சும்மா கல்லு, அடுத்த கல்லுன்னு கடந்து போயிருப்பாங்க. அதனால வரிசை முக்கியம், மொத தரை, அப்புறம் அலமாரி. நெறைய ஸ்கூல் மாத்திப் பண்றாங்க.

இன்னொரு விஷயம், டைனோசர் முட்டை. 2020 அக்டோபர்ல பெரம்பலூர் மாவட்டம் குன்னம் ஏரில மண்ணு வெட்டுறப்ப உருண்டை உருண்டையா கல்லு கெடச்சது, ஒரே ராத்திரில வாட்ஸ்அப் பூரா டைனோசர் முட்டைன்னு ஓடுச்சு. போய் பாத்தவங்க முட்டை இல்ல, கடல் படிவுல மண்ணும் சுண்ணாம்பும் நடுவுல இருக்குற ஒரு சின்னத் துண்ட சுத்தி அடுக்கடுக்கா சேந்து உருண்ட கல்லுன்னு சொன்னாங்க. பத்தாவது பிள்ளைங்கள கூட்டிட்டுப் போனா இத ஒரு கேள்வியா குடுங்க, முட்டையா உருண்டைக்கல்லான்னு எப்படி முடிவு பண்ணுவீங்க, என்னத்த பாப்பீங்க, ஓட்டுல காத்து போற துளை இருக்கணுமா, உள்ள அடுக்கு இருந்தா என்ன அர்த்தம், கடல் படிவுல நெலத்து பிராணியோட முட்டை எப்படி வரும்னு. பரிணாமம் பாடத்த இதவிட நல்லா கிளாஸ்ல எடுக்க என்னால முடிஞ்சதில்ல.

இதோட மைனஸும் சொல்லணும். நெழல் கெடையாது. காரைல டாய்லெட்டுன்னு ஒண்ணு இல்ல, வயசுப் பொண்ணுங்க இருக்குற கிளாஸ்னா இது சின்ன விஷயம் இல்ல, வழில ஒரு கல்யாண மண்டபமோ தெரிஞ்ச ஸ்கூலோ முன்னாடியே பேசி வெச்சுட்டு தான் கெளம்பணும். மார்ச்சுக்கு மேல இந்த டூர் தண்டனை. சரியான நேரம் ஜனவரி, பிப்ரவரி மொத பாதி, மழை பேஞ்சு ஓஞ்சதுக்கு அப்புறம், ஏன்னா மழை அரிச்சு விட்டா புதுசா மேல வந்து கெடக்கும். ஆனா மண்ணு காயாம போனா களிமண்ணு செருப்ப உருவி எடுத்துக்கும். எல்லாத்த விட பெரிய மைனஸ், கூட வர்ற ஆளுக்கு விஷயம் தெரிஞ்சிருக்கணும், இல்லன்னா அது வெறும் பொட்டல் காடு. பக்கத்து காலேஜ்ல ஜியாலஜி டிபார்ட்மெண்ட் இருந்தா ஒரு பி.ஜி. ஸ்டூடண்ட்ட கூப்டுங்க, சந்தோஷமா வருவாங்க, பஸ்ல சீட்டும் சாப்பாடும் போதும்.

சரி, ஆறாவது ஏழாவதுக்கு? அந்த வயசுக்கு பத்து கோடி வருஷம்னா என்னன்னு புடிபடாது, அவங்களுக்கு உயிரோட அசையணும். அதுக்கு மேலூர் வண்ணத்துப்பூச்சி பூங்கா சரி. காவேரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவுல, மேலணை காப்புக்காட்டுல 25 ஏக்கர், 2015ல தொறந்தது. சிட்டில இருந்து கிட்டக்க, அரை நாள்ல முடிஞ்சிடும், பஸ் செலவு கம்மி, நெழல் இருக்கு, உக்கார எடம் இருக்கு. இங்க நெறைய பேர் பண்ற கூத்து என்னன்னா காலைல எட்டு மணிக்கே கொண்டு வந்து நிறுத்திட்டு "ஒரு பூச்சியும் காணோமே"ம்பாங்க. பூச்சிக்கு ஒடம்பு சூடாகணும் சார், வெயில் ஏறி ஒம்பதரை பத்துக்கு மேல தான் றெக்கைய விரிக்கும். மாசமும் முக்கியம், அக்டோபர் மழை விழுந்து செடி தழைஞ்சதுக்கு அப்புறம் ஜனவரி வரைக்கும் நல்லா இருக்கும், மே மாசம் போய்ட்டு பூங்காவ குத்தம் சொல்லாதீங்க.

பறக்குறத பாக்குறதோட விட்டா இதுவும் சுத்திப் பாக்குற எடம் தான். நான் பிள்ளைங்கள பூச்சிய தேட விடறதில்ல, எலைய திருப்பிப் பாக்கச் சொல்லுவேன். எருக்கஞ்செடி எலைக்கு அடில வெந்தய வரியன்ங்கிற வண்ணத்துப்பூச்சியோட புழு இருக்கும், வெள்ளை கருப்பு மஞ்சள்னு வரி வரியா, முதுகுல மூணு ஜோடி கொம்பு மாதிரி நீட்டிட்டு. எலுமிச்சை, கறிவேப்பிலை செடில எலுமிச்சை அழகியோட சின்னப்புழுவ கண்டுபிடிக்கிறது தான் கஷ்டம், ஏன்னா அது காக்கா எச்சம் மாதிரியே கருப்பும் வெள்ளையுமா ஒட்டிட்டு இருக்கும், பத்து பேர் பாத்தும் எச்சம்னு விட்டுட்டுப் போவாங்க, பதினோராவது பிள்ளை குச்சியால லேசா தொடும், உடனே தலைக்குப் பின்னாடி இருந்து ஆரஞ்சு கலர்ல ரெண்டு கொம்பு வெளிய வரும், ஒரு வாடை அடிக்கும். அப்புறம் அந்த கிளாஸ கட்டுப்படுத்த முடியாது, எல்லா எலையையும் திருப்பும். எருக்கம்பால் விஷமாச்சே இது எப்படி திங்குது, தின்ன விஷம் எங்க போச்சு, ஏன் இது மட்டும் ஒளியாம பளிச்சுன்னு இருக்கு, எலுமிச்சைக்காரன் மட்டும் ஏன் ஒளியுறான், இந்தக் கேள்வி எல்லாம் அவங்களே கேப்பாங்க. நம்ம மாநில வண்ணத்துப்பூச்சி தமிழ் மறவன்னு 2019ல அறிவிச்சாங்க, அத இங்க தேடாதீங்க, அது மேற்குத் தொடர்ச்சி மலை ஆளு.

செடிய கண்டபடி தொடக்கூடாது, எலைய கிள்ளக்கூடாதுன்னு முன்னாடியே சொல்லி கூட்டிட்டுப் போங்க, பொறுப்புல இருக்குற வனத்துறை ஆளுங்கட்ட எந்தப் பக்கம் எலைய திருப்பிப் பாக்கலாம்னு கேட்டுட்டு செய்ங்க. வார விடுமுறை என்னைக்குன்னும் போன் போட்டு கேட்டுருங்க.

கரைவெட்டி பத்தி ஆசையா பேசுவேன், ஆனா ஸ்கூல் டூருக்குன்னு கேட்டா தயங்குவேன். எடம் அருமை, நாலரை சதுர கிலோமீட்டர் ஏரி, 2024 ஜனவரில ராம்சார் பட்டியல்ல, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலங்க பட்டியல்ல, சேந்துச்சு, மேட்டூர் தண்ணி புள்ளம்பாடி வாய்க்கால் வழியா வந்து ரொம்பினா ஏரி கடல் கணக்கா இருக்கும். குளிர்காலத்துல பட்டைத்தலை வாத்து வரும், தலைல ரெண்டு கருப்புப் பட்டை போட்டது, இமயமலைய தாண்டிப் பறந்து வர்ற ஆளு. ஊசிவால் வாத்து, நாமக்கோழி, கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, பாம்புத்தாரான்னு லிஸ்ட் நீளும்.

பிரச்சினை என்னன்னா பறவை பக்கத்துல இருக்காது. வேடந்தாங்கல் மாதிரி மரத்துல கூடு கட்டி கண்ணு முன்னாடி குஞ்சுக்கு ஊட்டுற எடம் இல்ல இது, விரிஞ்ச தண்ணி, வாத்துங்க நடுவுல மெதக்கும், வெறுங்கண்ணுக்கு கருப்புப் புள்ளி தான். அம்பது பிள்ளைக்கு ரெண்டு பைனாகுலர் வெச்சுட்டு போனா ஒரு ஆளுக்கு ஒரு நிமிஷம் கெடைக்கும், அந்த ஒரு நிமிஷத்துல அது ஃபோகஸ் பண்ணவே சரியா போயிடும். அதோட வெடியக்காலைல அங்க நிக்கணும், அப்ப ஸ்கூல்ல இருந்து நாலரை மணிக்கு பஸ் எடுக்கணும், எந்த அம்மா அனுப்புவாங்க. பத்து மணிக்குப் போய் கரைல நின்னு கத்துனா இருக்குற நாரையும் எந்திரிச்சுப் போயிடும். ஏரில தண்ணி எவ்ளோ இருக்குங்கிறதும் வருஷத்துக்கு வருஷம் மாறும், தண்ணி இல்லாத வருஷம் போனா மாடு மேயுறத தான் பாக்கலாம்.

அதனால என் கருத்து, கரைவெட்டிக்கு முழு கிளாஸ கூட்டிட்டுப் போகாதீங்க, எக்கோ கிளப் பிள்ளைங்க இருபது பேர வேன்ல கூட்டிட்டுப் போங்க, டிசம்பர் கடைசில இல்ல ஜனவரில, அஞ்சு பேருக்கு ஒரு பைனாகுலர் கடன் வாங்கியாவது. போறதுக்கு முன்னாடி ஒரு மாசம் உங்க ஸ்கூல் பக்கத்து ஊருணிலயோ வாய்க்கால்லயோ கொக்கையும் நீர்க்காகத்தையும் பாத்து பழகியிருக்கணும். பழகாத கண்ணுக்கு கரைவெட்டி ஒண்ணும் காட்டாது. பறவை எண்ணச் சொல்லுங்க, மொத்தமா எவ்ளோன்னு கண்ணால மதிப்பு போட்டுட்டு அப்புறம் பத்து பத்தா கட்டம் கட்டி எண்ணச் சொல்லுங்க, ரெண்டுக்கும் இருக்குற வித்தியாசத்த பாத்து அவங்களே அசந்து போவாங்க.

வாழை ஆராய்ச்சி மையம்னு சொன்னா ஸ்டாஃப் ரூம்ல சிரிப்பாங்க. வாழைய பாக்க பஸ் எதுக்குங்க, நம்ம வயல்ல இல்லாததான்னு. எனக்கு இது தான் இந்த லிஸ்ட்லயே யாரும் கண்டுக்காத எடம். 1993ல ஆரம்பிச்சது, இந்தியாவோட வாழை ஆராய்ச்சிக்குன்னே இருக்குற மத்திய அரசு நிறுவனம், முன்னூறுக்கும் மேல ரகங்கள நட்டு வளத்து வெச்சிருக்காங்க, நம்ம திருச்சில. பூவன், ரஸ்தாளி, கற்பூரவல்லி, மொந்தன், நேந்திரன், ஏலக்கி எல்லாம் பிள்ளைங்க தின்னு வளந்த பேருங்க தான், ஆனா வாழைக்கு ஏன் வெதை இல்லன்னு ஒரு பிள்ளைய கேட்டுப் பாருங்க, முழிக்கும். பழத்த குறுக்க வெட்டினா நடுவுல கருப்பா பொட்டு பொட்டா தெரியுதே, அது வெதையா ஆக வேண்டியது ஆகாமப் போனது. காட்டு வாழைல வெதை பல்லு ஒடையுற மாதிரி இருக்கும். மூசா அக்யுமினாட்டா, மூசா பால்பிசியானான்னு ரெண்டு காட்டு வகை கலந்து தான் நம்ம பழங்க வந்துச்சு, பூவன்ல முன்னது ரெண்டு பங்கு பின்னது ஒரு பங்கு, மொந்தன்ல பின்னது ரெண்டு பங்கு. குரோமோசோம் இப்படி மூணு பங்கா போனதால ஜோடி ஜோடியா சரியா பிரிய முடியாம வெதை பிடிக்கல. பத்தாவது மரபியல் பாடத்துல பட்டாணிய வெச்சே ஓட்டுறோமே, பட்டாணிச்செடிய எந்த திருச்சிப் பிள்ளை பாத்திருக்கு?

வெதை இல்லாததால பக்கக்கன்ன எடுத்து நடுறோம், அப்ப தோட்டம் பூரா ஒரே செடியோட நகல், ஒண்ணுக்கு நோய் வந்தா எல்லாத்துக்கும் வரும், ரஸ்தாளி வாடல் நோய்ல படுறது அதனால தான். அப்பா வாழை வெச்சிருக்குற பிள்ளை இந்த எடத்துல டீச்சர விட அதிகமா பேசும், அது எனக்குப் புடிக்கும். டைரக்டருக்கு ஸ்கூல் லெட்டர்ஹெட்ல முன்கூட்டியே லெட்டர் குடுத்து, எத்தன பேரு எந்த கிளாஸ்னு சொல்லி, திசு வளர்ப்பு லேப் காட்ட முடியுமான்னு கேட்டு வாங்கிட்டுப் போங்க. மைனஸ் என்னன்னா நீங்க கேக்காம போனா பெரியவங்க கூட்டத்துக்கு சொல்ற மாதிரி லெக்சரா போயிடும். "சார், நாப்பது பிள்ளைங்க, எட்டாவது, கைல வெட்டிப் பாக்குற மாதிரி எதாவது குடுங்க"ன்னு முன்னாடியே வாய விட்டு கேட்டுடணும். இல்லன்னா நீங்களே நாலு ரகப் பழமும் ஒரு கத்தியும் கொண்டு போங்க, வெட்டுறது டீச்சர் கையால.

கோளரங்கம் பத்தி பெருசா எழுத ஒண்ணுமில்ல. ஏசி, இருட்டு, நல்ல சீட்டு, பாதி கிளாஸ் தூங்கும், மீதி பாதிக்கு ரொம்பப் புடிக்கும். தமிழ் ஷோ எத்தன மணிக்குன்னு கேட்டுட்டு போங்க. மழை பேஞ்சு எல்லா ப்ளானும் கெட்டா இது கை குடுக்கும், வாழை மையத்தோட சேத்து ஒரே நாள்ல முடிக்கலாம். ஆனா வானத்த காட்டணும்னா ஸ்கூல் மொட்டமாடில சனிக்கிழமை ராத்திரி ஏழு மணிக்கு பெத்தவங்களோட வரச் சொல்லி ஒரு சின்ன டெலஸ்கோப்ல நிலாவையும் வியாழனையும் காட்டுறது இதவிட ஒரு படி மேல. வியாழன் பக்கத்துல நாலு புள்ளி வரிசையா நிக்கிறத பாத்துட்டு மறுநாள் அதே நேரம் பாத்தா எடம் மாறியிருக்கும், அதுக்கு எந்த ஷோவும் ஈடு கெடையாது.

துட்டு விஷயம் பேசாம ஒப்பீடு முடியாது. இதுல எந்த எடத்துலயும் டிக்கெட் பெரிய செலவு இல்ல, பஸ் வாடகை தான் எல்லாம். அரியலூர் சுத்துக்கு முழு நாள் வண்டி, மேலூருக்கோ தாயனூருக்கோ அரை நாள். துட்டு கட்ட முடியாத பிள்ளைங்க ஒவ்வொரு கிளாஸ்லயும் இருக்கும், அதுங்க அன்னைக்கு "வயித்து வலி"ன்னு லீவு போடும், கண்டும் காணாம விட்டுடாதீங்க. ரெண்டு அரை நாள் டூர் செலவு ஒரு முழு நாள் டூரவிட பெருசா கூடாது, அதனால சின்ன கிளாஸுக்கு நவம்பர்ல பூங்கா, பிப்ரவரில வாழைன்னு பிரிச்சுப் போடுறது எனக்கு சரியா படுது.

ஆக என் ஓட்டு இப்படி. ஆறு ஏழுக்கு மேலூர் பூங்கா, கண்ண மூடிட்டு. எட்டு ஒம்பதுக்கு சாத்தனூர், காரை, வாரணவாசி, விஷயம் தெரிஞ்ச ஒரு ஆள் கூட வந்தா மட்டும், வரலன்னா வாழை மையம். பத்தாவதுக்கு பரிட்சை பயத்துல யாரும் டூரே விட மாட்டாங்க, ஆனா பரிணாமம், மரபியல் ரெண்டு பாடமும் இருக்குறதே அந்த கிளாஸ்ல தான், அதனால ஜூலை ஆகஸ்ட்லயே வாழை மையத்துக்கு அரை நாள் கேட்டு வாங்குங்க, எச்.எம். மறுக்க காரணம் இருக்காது. ப்ளஸ் ஒன் பயாலஜி குரூப்னா கரைவெட்டி. கோளரங்கம் எல்லாருக்கும் ஸ்பேர்.

எங்க போனாலும் சில வேலை பொதுவானது. பெத்தவங்க ஒப்புதல் கடிதம், கல்வி அலுவலகத்துல அனுமதி, பொண்ணுங்க இருந்தா கட்டாயம் லேடி டீச்சர், பத்து பிள்ளைக்கு ஒரு பெரியவங்க. டிரைவர்கிட்ட கெளம்புறப்பவே சொல்லிடுங்க, போறப்ப பாட்டு வேணாம், வர்றப்ப எவ்ளோ சத்தமா வேணா போட்டுக்கட்டும். வாந்தி எடுக்குற பிள்ளைங்கள முன் சீட்டுல, எலுமிச்சம்பழம், கவர். சாப்பாடு தயிர் சாதம் வேணாம், வெயில்ல பன்னெண்டு மணிக்கே புளிச்சுடும், புளி சாதமும் அவிச்ச முட்டையும் தாங்கும்.

அப்புறம் அந்த ஒர்க்‌ஷீட். தயவு செஞ்சு கோடிட்ட எடத்த நிரப்புகன்னு அடிச்சுக் குடுக்காதீங்க, பஸ் ஏறுறதுக்கு முன்னாடியே ஒருத்தி எழுதி முடிச்சு மத்த எல்லாரும் பாத்து எழுதிருப்பாங்க. வெள்ளைத்தாள் ரெண்டு, ஒரு பென்சில், ஒரு அட்டை. ஒரு பொருள முழு பக்கத்துக்கு வரையணும், பக்கத்துல அளவு எழுதணும், கீழ அத பத்தி தெரியாத ஒரு கேள்வி எழுதணும். மறுநாள் கிளாஸ்ல அந்தக் கேள்விய எல்லாம் போர்டுல எழுதிப் போட்டீங்கன்னா ரெண்டு வாரத்துக்கு பாடம் எடுக்க விஷயம் இருக்கும். தமிழ் ஐயாவுக்கும் ஒரு வழி இருக்கு, வாரணவாசி முடிஞ்சு நேரம் இருந்து எல்லாரும் தெம்பா இருந்தா கங்கைகொண்ட சோழபுரம் போய்ட்டு வரலாம், ஆனா அப்ப வீடு திரும்ப ராத்திரி ஒம்பது ஆயிடும்னு பெத்தவங்க குரூப்ல காலைலயே போட்டுருங்க.